இறக்கத்தில் பாரம் தாங்குவது கியர்: ‘பிரீ கியர்’ பழக்கமும் இன்ஜின் பிரேக்கும்

செமிலிங், பீடோங், மெர்போக் வட்டாரத்துச் சாலைகள் பெரும்பாலும் சமதரைச் சாலைகள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை பக்கத்திலேயே நின்றாலும், லோரிகள் அதன் அடிவாரத்தைச் சுற்றித்தான் போய்வருகின்றன. இங்கேயே ஓட்டிப் பழகிய டிரைவருக்கு நீண்ட இறக்கம் என்பது அன்றாடம் வரும் சங்கதி அல்ல. அதே டிரைவர் பாரம் ஏற்றிக்கொண்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கு இறங்கும்போதும், பாலிங் வழியாகக் கிரிக் போய்க் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி நோக்கிச் செல்லும்போதும் நிலைமை மாறிவிடுகிறது. சமதரையில் ஒரு குறையும் காட்டாத பழக்கம் மலையிறக்கத்தில் உயிரைக் கேட்கும்.

அப்படிப்பட்ட பழக்கங்களில் முதலாவது, இறக்கம் வந்ததும் கியரை விடுவித்து லோரியை ‘பிரீ கியரில்’ உருளவிடுவது. டீசல் மிச்சமாகும், இன்ஜினுக்கு ஓய்வு கிடைக்கும், வண்டியும் சத்தமில்லாமல் ஓடும் என்று பழைய டிரைவர்கள் பலர் நம்பினார்கள். அட்டெண்டனாக லோரி ஏறி, பிறகு டிரைவரான இளைஞர்களுக்கும் அந்த நம்பிக்கை அப்படியே கைமாறியது. அதில் எவ்வளவு உண்மை, கியர் இறக்கத்தில் என்ன வேலை செய்கிறது, பாரமுள்ள வண்டியை எப்படி இறக்குவது என்பதை லோரி ஓட்டும் குடும்பங்கள் எல்லாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஜெலாப்பாங் இறக்கம்

கெடாவிலிருந்து தெற்கே போகும் லோரிகள் கோலக்கங்சாரைத் தாண்டியதும் கெலெடாங் மலைத்தொடரில் ஏறுகின்றன. மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்ததும் ஈப்போ சமவெளிக்கு நீண்ட இறக்கம் தொடங்குகிறது. அந்த இறக்கம் முடியும் இடத்தில்தான் முன்பு ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது.

மலையிலிருந்து இறங்கிவரும் எல்லா வண்டிகளும் அங்கே நின்று பணம் கட்ட வேண்டும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்த லோரி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் வரிசையில் காத்திருந்த கார்கள் மீதும் சாவடி மீதும் மோதிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்தன. கடைசியில் 2009ஆம் ஆண்டு அந்தச் சாவடியையே எடுத்துவிட்டு, கட்டணம் வாங்கும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு டோல் சாவடியை இடம்விட்டு அகற்றும் அளவுக்குப் போனது, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்த கனரக வாகனங்களால் ஏற்பட்ட ஆபத்து.

சாவடி போய்விட்டது, இறக்கம் அங்கேயேதான் இருக்கிறது. மற்ற மலைச்சாலைகளும் அப்படியே. 2013 ஆகஸ்டு 21ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தாக்கில் விழுந்து 37 பேர் மாண்டனர். 2025 ஜூன் 9ஆம் தேதி கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் கனமான வண்டி மலையில் வேகம் பிடித்துவிட்டால் திருத்திக்கொள்ள எவ்வளவு சொற்ப நேரமே இருக்கிறது என்பதை இவை எல்லாமே காட்டுகின்றன.

பாரம் இறங்கும்போது பிறக்கும் சூடு

மேட்டில் ஏறும்போது டீசல் எரிந்து கிடைத்த ஆற்றல் லோரியை மேலே தூக்கி நிறுத்துகிறது. இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்ப வெளிவந்தாக வேண்டும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் அது முழுவதும் எங்கேயாவது சூடாக மாறித்தான் தீர வேண்டும்.

பாரத்தோடு 20 டன் எடையுள்ள லோரி 300 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய 180 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பெரிய டீசல் பீப்பாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கும் அளவு நெருப்பு என்று நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். காற்றும் டயரின் உரசலும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி இரண்டு இடங்களுக்குத்தான் போக முடியும். ஒன்று பிரேக் டிரம், மற்றது இன்ஜின்.

இன்ஜினுக்கு ரேடியேட்டர், தண்ணீர், விசிறி, எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. சூட்டை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த ஏற்பாடு அது. பிரேக் டிரம்முக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெறும் இரும்பு, சுற்றிலும் காற்று, அவ்வளவுதான். பிரீ கியரில் இறங்குகிறவர் அந்த முழுச் சூட்டையும் டிரம்மின் தலையில் ஏற்றுகிறார்.

வேகம் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் மோசமாகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரியை நிறுத்தத் தேவைப்படும் ஆற்றலைப்போல் நான்கு மடங்கு, 80 கிலோமீட்டரில் தேவைப்படும். இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

பிரேக் ஏன் கைவிடுகிறது

பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரிவடைகிறது. விரியும் டிரம் பிரேக் ஷூவை விட்டு விலகிப் போகிறது. ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் அதன் தரத்தைப் பொறுத்து, 300 பாகை செல்சியஸை நெருங்கும்போதோ தாண்டும்போதோ பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். டிரைவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். சூடு இன்னும் கூடும். பிடிமானம் இன்னும் குறையும். எரிந்த லைனிங்கின் நெடி வந்து, சக்கரத்திலிருந்து புகை கிளம்பும்போது பிரேக்கின் பெரும்பகுதி போயிருக்கும்.

ஏர் பிரேக் உள்ள லோரியில், விரிந்த டிரம்மை எட்டிப் பிடிக்க பிரேக் கம்பி கூடுதல் தூரம் தள்ளப்பட வேண்டும். அது தள்ளக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்படாத வண்டியில் அந்த எல்லை முன்கூட்டியே வந்துவிடும். பிரேக்கை அடிக்கடி மிதித்து மிதித்து விட்டால் தொட்டியில் இருக்கும் காற்றும் குறையும். பிரீ கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் காற்று அடைக்கும் கம்ப்ரசரும் மெதுவாகவே சுற்றும். செலவாகும் காற்றை அதனால் உடனுக்குடன் ஈடுகட்ட முடியாமல் போகலாம்.

மூன்று டன் லோரிகள், வேன்கள் பலவற்றில் பிரேக் எண்ணெய் உண்டு. சாதாரண டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையிலும், டாட் 4 எண்ணெய் 230 பாகையிலும் கொதிக்கும் தரம் கொண்டவை. பழசாகி ஈரத்தை இழுத்துக்கொண்ட எண்ணெய் அதற்கு வெகு முன்பே கொதித்துவிடும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் சேர்ந்தால் பெடல் தரைவரை இறங்கும், சக்கரம் பிடிக்காது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகின்றன. அங்கே பிரேக் சோதிக்கப்படுவது குளிர்ந்த நிலையில், சில விநாடிகளுக்கு. சோதனையில் தேறிய பிரேக்கும் பத்து நிமிடம் விடாமல் மிதிக்கப்பட்டால் சூடேறிக் கைவிடும். ‘புஸ்பாகோம் பாஸான வண்டி’ என்பது மலையிறக்கத்துக்கு உத்தரவாதம் அல்ல.

கியர் எப்படிப் பிடிக்கிறது

வழக்கமாக இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது. இறக்கத்தில் எண்ணெய் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டால் வேலை தலைகீழாகிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. பிஸ்டன் உரசல், காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும் வேலை, எண்ணெய் பம்ப், கம்ப்ரசர் எல்லாவற்றையும் சக்கரமே சுமந்து சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுமைதான் இன்ஜின் பிரேக்.

அதன் பலம் எந்தக் கியர் என்பதைப் பொறுத்தது. ஆறு கியர் கொண்ட நடுத்தர லோரி ஒன்று டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்று சுற்றும் என்றால், அதே லோரி இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்தச் சுற்றைத் தாண்டிவிடும். சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் இன்ஜின் பல தடவை சுற்றியாக வேண்டும் என்பதால், சின்னக் கியரில் இன்ஜின் கொடுக்கும் எதிர்ப்பும் சக்கரத்தில் பல மடங்காகப் போய்ச் சேர்கிறது. மலைச்சாலை ஓரங்களில் ‘குனா கியர் ரெண்டா’ என்று பலகை நட்டிருப்பதன் அர்த்தம் இதுதான். கியரைக் குறைத்துப் பயன்படுத்து என்ற அந்த அறிவிப்பு, உயிர் காக்கும் கருவி ஏற்கெனவே கையருகில் இருக்கிறது என்று நினைவூட்டுகிறது.

கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் பிரீ கியரும் ஒன்றே. கியர் கம்பி எங்கே இருந்தாலும், கிளட்ச் மிதிபட்டிருக்கும்வரை இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை.

எக்ஸோஸ்ட் பிரேக், ஜேக் பிரேக், ரிட்டார்டர்

பெட்ரோல் இன்ஜினைப்போல் டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் கதவு பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் கால் எடுத்ததும் டீசல் இன்ஜின் தானாகக் கொடுக்கும் பிடிமானம் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கவே லோரிகளில் கூடுதல் கருவிகள் வந்தன.

நம் நாட்டு லோரிகளில் பரவலாக இருப்பது எக்ஸோஸ்ட் பிரேக். ஸ்டியரிங் பக்கத்திலுள்ள கம்பியை இழுத்தால் புகைக்குழாயில் உள்ள அடைப்பு மூடிக்கொள்ளும். வெளியேற முடியாத புகைக்காற்று பிஸ்டனை எதிர்த்து நிற்கும். சக்கரம் அந்த அழுத்தத்துக்கு எதிராக உழைக்க வேண்டிவரும்.

பெரிய இன்ஜின்களில் ‘ஜேக் பிரேக்’ உண்டு. அமெரிக்காவின் கம்மின்ஸ் இன்ஜின் நிறுவனத்தை உருவாக்கிய கிளெசி கம்மின்ஸ் 1931ஆம் ஆண்டு டீசல் லோரி ஒன்றில் நாடு கடந்து போகும்போது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. கீழே ரயில் தண்டவாளத்தில் ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் உயிர் தப்பிய அவர், இன்ஜினையே பிரேக்காக்கும் வழியைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார். பிஸ்டன் காற்றை நசுக்கி முடிக்கும் நேரத்தில் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியேற்றிவிடுவதே அந்த முறை. நசுக்க உழைத்த ஆற்றல் திரும்பக் கிடைக்காமல் போவதால் வண்டி வேகம் இழக்கிறது. ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘ஜேக்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பேருந்துகளிலும் பெரிய டிரெய்லர்களிலும் உள்ள ரிட்டார்டர், கியர்ப்பெட்டியோடு சேர்ந்து எண்ணெயின் எதிர்ப்பாலோ காந்தத்தாலோ சுழற்சியைக் குறைக்கிறது.

எக்ஸோஸ்ட் பிரேக்கும் ஜேக் பிரேக்கும் இன்ஜின் சுற்று கூடுதலாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். டாப் கியரில் இன்ஜின் சோம்பலாகச் சுற்றும்போது கம்பியை இழுத்துவிட்டு, ‘இது ஒன்றும் பிடிக்கவில்லையே’ என்று குறை சொல்வதில் பயனில்லை. முதலில் கியர், பிறகு கம்பி.

டீசல் மிச்சம் என்ற கணக்கு

தமிழ்நாட்டில் சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாய் லோரி டிரைவர்களுக்கு நன்கு தெரிந்த இடம். தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் நீண்ட சரிவில், டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குவதே பல விபத்துகளுக்குக் காரணம் என்று அங்குள்ள போலீசார் வருடக்கணக்காக எச்சரித்து வருகிறார்கள். 2020 டிசம்பர் 12ஆம் தேதி சிமெண்டு பாரத்தோடு இறங்கிய லோரி ஒன்று, முன்னால் நெரிசலில் நின்றிருந்த வாகனங்களின் மீது வரிசையாக மோதியதில் நான்கு பேர் உயிரிழந்தனர்.

உண்மையில் மிச்சமாகும் டீசல் எவ்வளவு? கியர் போட்டபடி இறங்கும்போது, காலை எடுத்துவிட்டால் இன்ஜினுக்குப் போகும் டீசல் நின்றுவிடுகிறது. சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் டீசல் தேவைப்படுவதில்லை. இக்காலக் கம்ப்யூட்டர் இன்ஜின்களில் மட்டுமல்ல, பழைய பம்ப் இன்ஜின்களிலும் கவர்னர் அதைத்தான் செய்கிறது. பிரீ கியரில் விட்டால் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் பிரீ கியர் டீசலை மிச்சப்படுத்துவதில்லை. கொஞ்சம் கூடுதலாகத்தான் எரிக்கிறது. அதோடு லைனிங் தேய்மானத்தையும் டயர்ச் சூட்டையும் சேர்த்துக்கொண்டால் நட்டம் தெளிவாகத் தெரியும்.

வால்வோ, ஸ்கேனியா போன்ற புதிய லோரிகளில் சாலை லேசாகச் சரியும்போது வண்டியே தானாகக் கியரை விடுவித்து உருளும் வசதி இருக்கிறது. ‘கம்பெனிக்காரனே செய்கிறானே, நாங்கள் செய்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வசதி மிக மென்மையான சரிவுக்கு மட்டும் உரியது. வேகம் வைத்த அளவைத் தாண்டினாலோ, பிரேக்கைத் தொட்டாலோ கம்ப்யூட்டர் உடனே கியரைப் போட்டுவிடும். பாரத்தோடு வேகம் பிடித்துவிட்ட லோரியில் மனிதக் கையால் அப்படித் திரும்பப் போட முடியாமல் போவதுதான் பிரீ கியரின் மிகப் பெரிய ஆபத்து. இன்ஜின் மெதுவாகவும் சக்கரம் வேகமாகவும் சுற்றும்போது பற்கள் சேர மறுக்கும். கியர்ப்பெட்டி கரகரவென்று கத்தும், கியர் விழாது.

இறங்கும் முறை

கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். உச்சியில், வண்டி மெதுவாக இருக்கும்போது சின்னக் கியருக்கு மாறி, எக்ஸோஸ்ட் பிரேக் கம்பியை இழுத்துவிட்டு, பிறகு இறங்க வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் கூடிய பிறகு கியர் குறைக்க முயல்வது, உள்ள கியரையும் இழந்து பிரீ கியரில் மாட்டிக்கொள்ளும் வழி.

எந்தக் கியர் என்பதற்குப் பழைய டிரைவர்கள் சொல்லும் அளவு, ‘ஏறுவதற்குப் போடும் கியரில் இறங்கு’ என்பது. அந்தக் காலத்து லோரிகளுக்கு அது பொருந்தியது. இன்றைய லோரிகள் பலம் கூடியவை; பெரிய கியரிலேயே மேடேறிவிடும். ஆகவே ஏறிய கியரைவிட ஒன்று குறைத்துப் போடுவதே பாதுகாப்பு. பாரம் கூடினால், மழை பெய்தால், சாலை பழக்கமில்லை என்றால் இன்னும் ஒன்று குறைக்கலாம். சரியான கியரில் இருந்தால் பிரேக்கை எப்போதாவதுதான் தொட வேண்டியிருக்கும். அடிக்கடி தொட வேண்டியிருந்தால் கியர் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கக் கூடாது. அந்த இறக்கத்துக்குப் பாதுகாப்பான வேகம் 40 கிலோமீட்டர் என்றால், முள் 40ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து, மூன்று விநாடிக்குள் 32 அளவுக்குக் கொண்டுவந்து, பெடலை முழுமையாக விட்டுவிட வேண்டும். வேகம் மெல்ல மீண்டும் 40ஐத் தொடும்வரை டிரம் காற்றில் ஆறிக்கொள்ளும். மறுபடியும் அதையே செய்ய வேண்டும். இடைவெளி விட்டுப் பிடிக்கும் பிரேக் ஆறுகிறது. விடாமல் உரசும் பிரேக் வேகிறது.

டக்கோமீட்டரின் சிவப்புக் கோட்டிலும் ஒரு கண் இருக்க வேண்டும். சமதரையில் இன்ஜின் அளவு மீறிச் சுற்றாமல் கவர்னர் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் சுற்றுவது சக்கரம் என்பதால் கவர்னரால் தடுக்க முடியாது. சிவப்புக் கோட்டை நெருங்கினால் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய கியருக்குத் தாவுவது தீர்வல்ல.

ஆட்டோ கியர் லோரி ஓட்டுபவர்களும் ‘அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடக் கூடாது. இறக்கத்துக்கு முன்பு கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து, கியரைக் குறைத்துப் பிடித்து வைக்க வேண்டும்.

மழையும் தோட்டத்துச் செம்மண்ணும்

இன்ஜின் பிரேக்கின் பிடிமானம் முழுவதும் ஓட்டும் சக்கரங்களில் மட்டுமே விழுகிறது. வெறும் லோரி, வழுக்கும் சாலை, சின்னக் கியர், எக்ஸோஸ்ட் பிரேக் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் பின் சக்கரம் வழுக்கலாம். டிரெய்லர் என்றால் மடங்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மழையில் கம்பியை விட்டுவிட்டு, கியரையும் குறைந்த வேகத்தையும் நம்பி இறங்குவது நல்லது. பின் சக்கரம் வழுக்குவதுபோல் தெரிந்தால் கம்பியை உடனே விட வேண்டும்.

செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றும் டிராக்டர்களுக்கும் இது பொருந்தும். பல டிராக்டர்களின் பின்னால் இழுபடும் வண்டிக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. குலைகளின் பாரம் முழுவதும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். மேட்டின் உச்சியிலேயே சின்னக் கியரைப் போட்டு, கிளட்சைத் தொடாமல் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நடுச்சரிவில் கியர் மாற்றப் போய், கியர் விழாமல், வண்டி தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்வது தோட்டத்து மக்கள் அறிந்த ஆபத்து. பின்வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

காரில் மலைக்குப் போகும் குடும்பங்கள்

விடுமுறையில் கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கும் விதி ஒன்றுதான். ஆட்டோ காரில் ‘டி’யிலேயே விட்டு இறங்கினால் கார் தானாகப் பெரிய கியருக்குப் போய்விடும். வண்டியின் வகைக்கு ஏற்ப ‘எல்’, ‘2’, ‘எஸ்’, ‘பி’ என்று எழுதியிருக்கும் நிலைகள் இறக்கத்துக்கும் பயன்படத்தான் இருக்கின்றன. அதில் மாற்றியதும் இன்ஜின் சத்தம் கூடும். அது கெடுதல் அல்ல. இன்ஜின் பிடிக்கிறது என்பதற்கு அடையாளம்.

மலையில் லோரிக்குப் பின்னால் வரும் கார்க்காரர்களின் பொறுமையும் இதில் சேரும். 25 கிலோமீட்டரில் ஊர்ந்து இறங்கும் லோரி டிரைவர் ஓட்டத் தெரியாதவர் அல்ல, தெரிந்தவர். ஹாரன் அடித்து அவரை அவசரப்படுத்துவதும், அவருக்கு முன்னால் குறுக்கே புகுந்து பிரேக் போடுவதும் அவர் சேர்த்து வைத்திருக்கும் பாதுகாப்பைப் பறிப்பதாகும்.

பிரேக் பிடிக்கவில்லை என்றால்

நெடி வரும்போதே, பெடல் இளகும்போதே, காற்றழுத்த மணி அடிக்கும்போதே செயல்பட வேண்டும். பாதுகாப்பான இடம் கிடைத்தவுடன் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும். அதையும் தாண்டி வண்டி ஓடத் தொடங்கிவிட்டால்:

• இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், காற்றும் அடையாது.

• இருக்கும் கியரை விடவே கூடாது. அது எவ்வளவு பெரிய கியராக இருந்தாலும் பிரீ கியரைவிட மேல்.

• எக்ஸோஸ்ட் பிரேக், ரிட்டார்டர் எல்லாவற்றையும் முழுமையாகப் போட வேண்டும். எண்ணெய் பிரேக் என்றால் பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்துப் பார்க்கலாம். அழுத்தம் கொஞ்சம் திரும்பக்கூடும்.

• கைப்பிரேக்கைப் பயன்படுத்தலாம். ஏர் பிரேக் லோரியில் அது பின் சக்கரங்களை ஸ்பிரிங்கால் இறுக்கும். டிரம் வெந்திருந்தால் அதன் பலமும் குறைவாகவே இருக்கும்.

• ஹாரனும் நான்கு பக்க விளக்கும் விடாமல் எரியட்டும்.

• சில மலைச்சாலைகளில் ஓரத்தில் சரளைக்கல் நிரப்பிய அவசரத் தப்பு வழி இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாமல் முதல் வாய்ப்பிலேயே நுழைய வேண்டும். லோரி சேதமாகுமே என்ற எண்ணம் அந்த நேரத்தில் வரக் கூடாது.

• தப்பு வழி இல்லையென்றால் பள்ளப்பக்கம் போகாமல் மலைப்பக்கம் ஒதுங்கி உரசி வேகம் குறைப்பதே மிச்சமிருக்கும் வழி.

டிரைவர் தலையில் மட்டும் போட முடியாது

கியரைக் குறைத்து இறங்கினால் பயண நேரம் சில நிமிடங்கள் கூடும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவருக்கு அந்த நிமிடங்களும் காசுதான். எடைக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்லி, ராத்திரிக்குள் திரும்பி வரச் சொல்லி, டீசல் கணக்கையும் இறுக்கிப் பிடிக்கும் முதலாளி, தன்னை அறியாமலேயே டிரைவரைப் பிரீ கியருக்குத் தள்ளுகிறார். பிரேக் அட்ஜஸ்ட்மெண்டு, தரமான லைனிங், வேலை செய்யும் எக்ஸோஸ்ட் பிரேக், அளவான பாரம் ஆகிய நான்கும் முதலாளியின் பொறுப்பு. எக்ஸோஸ்ட் பிரேக் கெட்டுப்போன லோரியை மலைக்கு அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பப்படும்போது எடுத்துச் சொல்ல டிரைவருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது.

புதிதாக லோரி லைசென்ஸ் எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு யோசனை. சமதரையில் மட்டும் பழகிவிட்டு, முதல் மலைப்பயணத்தைத் தனியாக, முழுப் பாரத்தோடு போகாதீர்கள். அனுபவமுள்ள அண்ணன் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மெனோரா இறக்கத்திலோ கிரிக் சாலையிலோ எந்த இடத்தில் அவர் கியரை மாற்றச் சொல்கிறார், எந்த வேகத்தில் பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார், எப்போது விடச் சொல்கிறார் என்று பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். அவர் ‘பிரீ கியரில் விடு, டீசல் மிச்சம்’ என்று சொன்னால் அந்த ஒன்றை மட்டும் கேட்க வேண்டாம்.